எங்கள் நோயை அவர்கள் எப்படி அறிந்தார்கள்?

செல்வரும் இலாசரும் பற்றிய உவமையை (லூக்கா 16:19-31) மறையுரையில் எடுத்துரைக்காத அருள்பணியாளர் எவரும் இரார். நாமும் ஆண்டுகள் பலவாக எடுத்துரைத்து வருகிறோம். செல்வர் இலாசரை அடித்தார் என்றோ, வாசலிலிருந்து விரட்டினார் என்றோ ஆண்டவர் கூறவில்லை. கிடந்தவரைப் பொருட்படுத்தாமற் போனதே அவர் செய்த குற்றம் என்று விளக்கி, தவக்காலக் காணிக்கைக்கு வேண்டுகோள் விடுத்து முடிப்பது நம் வழக்கம். இந்த உவமையையே அடித்தளமாகக் கொண்டு எழுந்த ஒரு நூலை அண்மையில் மீண்டும் படித்தோம். குருமடத்து நூலகத்தில் இளமையில் படித்தபோது கண்கலங்கிய பக்கங்கள், இம்முறை வேறு சில வினாக்களை எழுப்பின. அவ்வினாக்களை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்நூல் ஆல்பர்ட் சுவைட்சர் 1921-இல் வெளியிட்டது. 'நீருக்கும் கன்னிக்காட்டுக்கும் நடுவே' என்று பொருள்படும் ஜெர்மன் தலைப்பைக் கொண்டது. அடுத்த ஆண்டே ஆங்கிலத்தில் வந்து உலகெங்கும் பரவியது. ஆப்பிரிக்காவில் நடைபெறும் கிறிஸ்தவ மருத்துவப் பணிக்குப் பொருளுதவி செய்யுமாறு உலக மக்களைத் தூண்டிய நூல்களுள் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கவை மிகச் சிலவே.

எழுபது பெட்டிகள்

நூலாசிரியரைப் பற்றிச் சில சொற்கள். 1875-இல் அல்சாஸ் பகுதியில் பிறந்தவர்; சீர்திருத்தச் சபைப் போதகரின் மகன். வரலாற்று இயேசுவைப் பற்றிய ஆய்வினால் இறையியல் உலகையும், பாஃக் பற்றிய நூலினால் இசையுலகையும் முப்பது வயதை ஒட்டிய காலத்திலேயே தம் பக்கம் திருப்பியவர். பாரிஸ் மறைபரப்புச் சங்கத்தின் இதழொன்றில், காங்கோப் பகுதிப் பணிக்கு ஆள் வேண்டும் என்ற வேண்டுகோளை 1904-இல் படித்தார். மறு ஆண்டு, தாம் ஆசிரியராக இருந்த பல்கலைக்கழகத்திலேயே மருத்துவ மாணவராகச் சேர்ந்தார். அவருடைய இறையியற் கருத்துகள் சங்கத்தாருக்கு அச்சமூட்டின. மருத்துவராக மட்டுமே வருவேன், போதிக்க மாட்டேன் என்று வாக்களித்த பின்னரே அவரை ஏற்றுக்கொண்டார்கள். 1913-இல் பெரிய வெள்ளியன்று ஊரைவிட்டுப் புறப்பட்டவர், ஏப்ரல் திங்களில் இன்றைய காபோன் நாட்டின் ஒகோவே ஆற்றங்கரையிலுள்ள லாம்பரேனேயை அடைந்தார். செவிலியர் பயிற்சி பெற்ற மனைவி எலேனும் உடன் சென்றார். இருவரும் நண்பர்களிடம் கேட்டுத் திரட்டிய பொருள்கள் எழுபது பெட்டிகளில் அடைக்கப்பட்டிருந்தன.

அந்தப் பெட்டிகள் வந்து சேருமுன்பே நோயாளிகள் வந்துவிட்டார்கள். மருத்துவமனை என்று ஒன்றும் இல்லை. பழைய கோழிக்கூடு ஒன்றைச் சுண்ணாம்படித்துத் தூய்மை செய்து, அதற்குள் மருத்துவம் பார்த்தார். கூரையில் ஓட்டைகள் இருந்தமையால், வெயிலுக்குத் தலைக்கவசம் அணிந்தபடியே பணி செய்ய நேர்ந்ததாம். மலேரியா, தொழுநோய், தூக்க நோய், சீதபேதி, ஆறாப் புண்கள், குடலிறக்கம் என்று அவர் வரிசையாக விவரிக்கும் இப்பகுதிகள், மருத்துவர் எழுதும் குறிப்பேட்டின் தெளிவும் நல்ல கதைஞரின் நடையும் ஒன்றாய்க் கலந்தவை. சமையற்காரராக இருந்து மொழிபெயர்ப்பாளராகவும் முதல் உதவியாளராகவும் உயர்ந்த ஜோசப், உடலுறுப்புகளைச் சமையற்கட்டில் பயின்ற இறைச்சித் துண்டுகளின் பெயராலேயே குறிப்பிடுவதை ஆசிரியர் சொல்லும்போது நாம் சிரிக்காமல் இருக்க முடிவதில்லை.

நம் பொருளுக்கு மிக இயைந்த இடம் ஒன்று உண்டு. மற்றவர்கள் எளிதில் கடந்து செல்லக்கூடிய இடம் அது. காட்டின் ஈரக்காற்றில் தாளிலோ அட்டைப் பெட்டியிலோ மடித்துக் கொடுத்த மருந்து கெட்டுவிடும். ஆகவே மூடியுள்ள புட்டிகளும் தகரச் சிமிழ்களும் அங்கே பொன்னுக்குச் சமம். நோயாளி புட்டியைத் திருப்பித் தராவிட்டால் மருத்துவருக்கும் அவருக்கும் வழக்காடலே நிகழும். புட்டிகளையும் சிமிழ்களையும் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பது, நாள்தோறும் காலையில் நோயாளிகளுக்கு உரக்க அறிவிக்கப்படும் விதிகளுள் ஒன்று. ஐரோப்பாவில் உள்ள நண்பர்களிடம் ஆசிரியர் கேட்பதும் இவற்றைத்தான்: வெறும் புட்டிகள், தக்கைகள், தகரச் சிமிழ்கள்.

எத்துணை எளிய வேண்டுகோள்! ஆனால் அதன் சிறப்பு எளிமையில் இல்லை. தேவை எழுந்த இடத்தில் நிற்பவர், தேவை இன்னது என்று பெயர் சொல்லிக் கேட்கிறார். தொலைவில் உள்ளவர் கேட்டதை அனுப்புகிறார். கொடையின் இலக்கணம் முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது. நூல் எழுதிய காலத்தில் ஆசிரியர் கடன்பட்டிருந்தார் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. போரின்போது பிரெஞ்சு அரசு அவரையும் மனைவியையும் 1917-இல் கைதியராக ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றது. பின்னர் 1920-இல் சுவீடனில் சொற்பொழிவு ஆற்றியும் ஆர்கன் வாசித்தும் பணிக்காகப் பட்ட கடனை அடைத்தார். எனவே இந்நூலே ஒருவகையில் ஒரு காணிக்கைத் தட்டுதான். அதைக் குறையாகச் சொல்லவில்லை. புனித பவுலும் எருசலேம் ஏழைகளுக்காகக் காணிக்கை திரட்டிக் கடிதம் எழுதியவர் அன்றோ?

நூலின் உச்சம்

அடைபட்ட குடலிறக்கத்தால் துடிதுடித்து வந்த நோயாளி ஒருவருக்கு அறுவை முடிகிறது. மங்கிய அறையில் அவர் கண்விழிக்கிறார். வலி போய்விட்டது என்பதை உணர்கிறார்; அவருடைய கை மருத்துவரின் கையைத் தேடிப் பற்றிக்கொள்கிறது. தம்மையும் தம் மனைவியையும் இங்கே வரச் சொன்னவர் ஆண்டவர் இயேசு என்றும், செலவுக்குப் பணம் தருவோர் ஐரோப்பாவில் வாழும் வெள்ளையர் என்றும் மருத்துவர் அவருக்கும் சூழ நிற்போருக்கும் எடுத்துரைக்கிறார். உடனே வினாக்கள் எழுகின்றன. அவர்கள் யார்? எங்கே வாழ்கிறார்கள்? நாங்கள் இவ்வளவு நோயினால் வருந்துகிறோம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? வெளியே காப்பிச் செடிகளின் ஊடே வந்த வெயில் இருண்ட குடிசைக்குள் விழுகிறது. கறுப்பரும் வெள்ளையரும் அருகருகே அமர்ந்து, நாம் அனைவரும் சகோதரர் என்ற நற்செய்தியின் சொல்லை உணர்கிறார்கள். பொருள் கொடுத்த நண்பர்கள் இந்த ஒரு மணி நேரம் நம்மோடு இருக்கக்கூடாதா என்று ஏங்கி ஆசிரியர் நிறுத்துகிறார்.

இளமையில் நம்மைக் கலங்கவைத்த பக்கம் இதுவே. இன்றும் கலங்கவைக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அன்று வெயிலையும் பற்றிய கையையும் மட்டும் கண்டோம். இன்று அந்த மூன்றாம் வினாவில் நம் மனம் சிக்கிக்கொள்கிறது. எங்கள் நோய் அவர்களுக்கு எப்படித் தெரியும்? இது நன்றியின் வினாவா, வியப்பின் வினாவா, அல்லது மென்மையான ஐயமா? ஆசிரியர் அதை நன்றியாகவே கொண்டுவிட்டார். தாம் என்ன விடை சொன்னார் என்றுகூட எழுதவில்லை. வினாக் கேட்டவரின் பெயரும் நூலில் இல்லை.

மூத்தவரும் இளையவரும்

நூலின் குறையை இங்கிருந்துதான் தொடங்கிச் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்கர் தமக்குச் சகோதரரே என்றும், ஆனால் தாம் மூத்த சகோதரர் என்றும் ஆசிரியர் எழுதுகிறார். அம்மக்களைக் குழந்தைகளாகக் கொண்டு, அதிகாரம் இல்லாமல் அவர்களிடம் எதுவும் நடவாது என்பதும் அவர் கொள்கை. நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே, கான்ராடின் கதையைப் பற்றி 1975-இல் அமெரிக்காவில் ஆற்றிய புகழ்பெற்ற உரையில் இதைச் சுட்டிக்காட்டினார். இளைய சகோதரர்களுக்கு ஏற்ற தரத்தில்தான் சுவைட்சர் மருத்துவமனையும் எழுப்பினார் என்பது அவருடைய கடுமையான தீர்ப்பு. நோயாளிகள் தம் குடும்பத்தோடு தங்கித் தம் வழக்கப்படி சமைத்து உண்ணும் சிற்றூராகத் தம் மருத்துவமனை இருக்க வேண்டும் என்பது சுவைட்சர் சொன்ன விளக்கம். அவ்விளக்கத்தில் உண்மை இல்லாமல் இல்லை. காய்ச்சலில் கிடப்பவருக்குத் தாயின் கைச்சோறு மருந்தே. ஆயினும் 1960-இல் நாடு விடுதலை பெற்ற பின்னரும், 1965-இல் அவர் இறக்கும் வரையிலும், அம்மண்ணின் மைந்தர்கள் அங்கே உதவியாளர்களாகவே இருந்தார்கள் என்னும்போது, அச்செபேயின் தீர்ப்பை எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

இத்தகைய மனப்பாங்கு அவருக்கு மட்டும் உரியது என்று நாம் தப்பித்துக்கொள்ளவும் கூடாது. அக்கால மறைபணியாளர் பலரும், நம் சபையைச் சேர்ந்தவர் உட்பட, இவ்வாறே எண்ணினர். உண்மையில் சுவைட்சர் மற்றவர்களைவிட ஓர் அடி முன்னே சென்றவர். நூலின் இறுதி இயலில், வெள்ளையர் அம்மக்களுக்குத் தருவது ஈகையன்று, கழுவாய் என்கிறார். மதுவும் நோயும் கட்டாய உழைப்பும் கொண்டுவந்தவர்கள் திருப்பிச் செலுத்தும் கடன் அது என்கிறார். குடியேற்ற ஆட்சி உச்சத்தில் இருந்த காலத்தில் இப்படிச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். ஆனால் கடனாளி தன்னை மூத்தவன் என்று அழைத்துக்கொள்ளலாமா? கடன் என்று ஒப்புக்கொண்டவர் கடன் கொடுத்தவரின் சொல்லைக் கேட்க வேண்டாமா? ஒரே நூலில் இவ்விரண்டு கருத்துகளும் ஒன்றையொன்று சந்திக்காமலே இருக்கின்றன. இதுவே நாம் காணும் உள்முரண்.

நூலின் முகப்பில் ஆசிரியர் எடுத்தாளும் உவமைக்கே திரும்புவோம். ஐரோப்பா செல்வர், ஆப்பிரிக்கா இலாசர் என்பது அவர் விளக்கம். உவமையைக் கூர்ந்து படித்தால் ஒன்று புலப்படும். இலாசர் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு சொல்லும் பேசவில்லை. செல்வரும் பாதாளத்திலிருந்துகூட இலாசரிடம் பேசவில்லை. அவருடைய பெயரை அறிந்திருக்கிறார். ஆயினும் ஆபிரகாமை நோக்கி, அவரைத் தண்ணீர் கொண்டு அனுப்பும், அவரை என் சகோதரரிடம் அனுப்பும் என்றே கேட்கிறார். இறந்த பின்னும் இலாசர் அவருக்கு ஏவலாள்தான். செல்வரின் குற்றம் காணாமை மட்டும் அன்று, கேளாமையும் ஆகும். கண்ட பின்னும் கேளாமல் கொடுக்க முடியும் என்பதே நாம் இத்தனை ஆண்டுகள் மறையுரையில் சொல்லத் தவறியது.

நம் பங்கில் நிகழ்ந்தது

இதைப் பிறரைக் குறித்தே எழுதிக்கொண்டு போவது நேர்மையாகாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தவக்காலத்தில், கிழக்கு ஆப்பிரிக்காவில் மருத்துவப் பணியாற்றும் நம் பகுதி அருட்சகோதரி ஒருவர் விடுமுறைக்கு வரவிருக்கிறார் என்று அறிந்தோம். மேற்சொன்ன உவமையை விளக்கி உருக்கமாக மறையுரை ஆற்றினோம். ஆலய வாயிலில் அட்டைப் பெட்டி ஒன்று வைத்து, வீட்டில் மிஞ்சியிருக்கும் மருந்துகளைக் கொண்டுவருமாறு அழைத்தோம். இறைமக்கள் குறை வைக்கவில்லை. ஒரு பெட்டி மூன்றாயிற்று.

சகோதரி வந்தார். பங்கு மன்றத்தில் பாய் விரித்து அமர்ந்து, ஒரு பிற்பகல் முழுவதும் பெட்டிகளைப் பிரித்தார். பாதி தீர்ந்த இருமல் மருந்து, பெயரே தெரியாதபடி வெட்டப்பட்ட மாத்திரை அட்டைகள், இரண்டு திங்களில் காலாவதியாகும் ஊட்டச்சத்து மருந்துகள், ஒருவருக்கென்று அளவிட்டு எழுதிக்கொடுத்த இரத்த அழுத்த மாத்திரைகள். எல்லாவற்றையும் ஒரு பக்கம் குவித்தார். மறுபக்கம் பஞ்சு, கட்டுத்துணி, பிரிக்கப்படாத கையுறைகள் என்று சிறு குவியல் சேர்ந்தது. "ஃபாதர், இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மற்றதைக் கொண்டுபோனால், அங்கே குழி வெட்டி எரிக்க எனக்கு மண்ணெண்ணெய் வாங்க வேண்டிவரும்" என்றார். சினமில்லாமல்தான் சொன்னார். பிறகு, "முன்னாலேயே ஒரு கடிதம் போட்டு, என்ன வேண்டும் என்று கேட்டிருக்கலாமே" என்று சேர்த்துக்கொண்டார். நாம் வாய் திறக்கவில்லை.

அந்தப் பெரிய குவியலில் கைம்பெண் ஒருவர் கொணர்ந்த இதய நோய் மாத்திரைகளும் இருந்தன. மறைந்த கணவருக்காக வாங்கியவை. அவற்றைத் துணியில் முடிந்து, அவர் நினைவாகவே வைத்திருந்து, நம் மறையுரையைக் கேட்டுக் கொடுத்தார். உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பின் ஒருநாள், "சாமி, அந்த மாத்திரை போய்ச் சேர்ந்ததா? யாருக்காவது உதவிச்சா?" என்று கேட்டார். "சேர்ந்ததம்மா, உதவியது" என்றோம். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். இன்று அவர் இல்லை. அந்தப் பொய்யை இங்கே ஒப்புக்கொள்கிறோம். அவருடைய அன்பில் குறையில்லை. அதைக் குப்பைக்கு வழிகாட்டிய நம் அறியாமையில்தான் குறை. கேட்டிருந்தால், அவர் மாத்திரையை வைத்துக்கொண்டு ஐந்து ரூபாய் கொடுத்திருப்பார். அது சென்று சேர்ந்திருக்கும்.

கொடையும் குப்பையும்

நம் மூன்று பெட்டிகள் சிறியவை. உலக அளவில் நிகழ்ந்தவை பெரியவை. எரித்திரிய விடுதலைப் போர்க்காலத்தில், காலாவதியான ஆஸ்பிரின் மாத்திரைகள் ஏழு சரக்குந்துகளில் வந்து இறங்கின. அவற்றை எரித்து முடிக்க ஆறு திங்கள் ஆயினவாம். அதே நாட்டிற்குக் காலாவதியான அமினோ அமிலக் கரைசல் 30,000 புட்டிகள் வந்தன. நாற்றத்தின் காரணமாக அவற்றை மக்கள் வாழும் இடத்திற்கு அருகே கொட்டவும் முடியவில்லை. போரினால் நலிந்த தெற்குச் சூடானுக்கு 1990-இல் வந்த மருந்துப் பெட்டிகளில், அந்நாட்டில் எவரும் பேசாத பிரெஞ்சு மொழியில் பெயர் எழுதிய, பாதி பயன்படுத்திய பொட்டலங்கள் இருந்தன. பசியால் வாடுவோருக்குப் பசியைத் தூண்டும் மருந்தும், கண்ணில் பொருத்தும் வில்லைகளைக் கழுவும் நீரும் அவற்றுள் அடங்கும். ஐம்பது பெட்டிகளில் பன்னிரண்டில் மட்டுமே ஓரளவு பயன்படக்கூடியவை இருந்தன.

இவற்றைத் தொகுத்துக் காட்டியது உலக சுகாதார நிறுவனம் 1996-இல் வெளியிட்ட மருந்துக் கொடை நெறிமுறைகள். உலகத் திருச்சபைகள் மன்றத்தின் மருத்துவப் பிரிவும் அதற்குத் துணைநின்றது. 1999-இல் வந்த திருத்திய பதிப்பில் நம் கத்தோலிக்கக் காரித்தாஸ் பேரவையும் இணைந்துகொண்டது. அந்நெறிமுறைகளின் சாரம் நான்கு. கொடை பெறுபவருக்கே அது மிகுந்த பயன் தர வேண்டும். பெறுபவரின் விருப்பத்தையும் அதிகாரத்தையும் மதிக்க வேண்டும். தரத்தில் இரட்டை அளவுகோல் கூடாது. கொடுப்பவர் நாட்டில் ஏற்கத்தகாதது கொடையாகவும் ஏற்கத்தகாது. இருவருக்கும் இடையே முன்கூட்டியே தொடர்பு இருக்க வேண்டும். மருந்து சென்று சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் எஞ்சியிருக்க வேண்டும் என்பதும், நோயாளிகள் திருப்பிக் கொடுத்தவற்றை அனுப்பலாகாது என்பதும் இவற்றின் விரிவே. அச்செபே இலக்கியத் திறனாய்வாகச் சொன்னதும், இம்மூன்றாம் நெறியும் ஒன்றே என்பதை வாசகர் காண்பர்.

மருந்துக்கு உள்ள இதே நிலை கருவிகளுக்கும் உண்டு. அமெரிக்காவில் 110 வோல்ட் மின்னழுத்தத்தில் இயங்கும் கருவியை, 220 முதல் 240 வோல்ட் வரை உள்ள ஆப்பிரிக்க நாட்டில் அப்படியே பொருத்தினால் புகைதான் எழும். உதிரிப் பாகமும் பழுது நீக்கத் தெரிந்தவரும் இல்லாவிடில், விலையுயர்ந்த கருவியும் மூலையில் தூசி படியும். வளம் குன்றிய நாடுகளின் மருத்துவக் கருவிகளில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு இயங்காமல் கிடந்ததாக 2011-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது.

எதிர்ப்புறமும் சொல்ல வேண்டும். பொருளே போகாவிட்டால் என்ன ஆகும்? 1976-இல் சயீர் நாட்டின் யாம்புக்கு ஊரில் பெல்ஜிய நாட்டுக் கத்தோலிக்கத் துறவியர் நடத்திய மறைபணி மருத்துவமனையை நினைப்போம். நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் வந்த அந்த இடத்தில், காலையில் ஐந்து ஊசிக்குழல்களே எடுத்து வைக்கப்படும். ஒருவருக்குக் குத்தியதை வெந்நீரில் அலசி அடுத்தவருக்குக் குத்தினார்கள். அதுவரை பெயரறியாத எபோலா நோய் அவ்வழியே பரவியது. நோயுற்றோர் 318 பேர். இறந்தோர் 280 பேர். பணியாளர் பதினேழு பேரில் பதினொருவர் மாண்டபின் மருத்துவமனையின் கதவு மூடப்பட்டது. தம் உயிரையே கொடுத்தவர்களின் அன்பை ஐயுறுவார் யார்? ஆயினும் அன்பு ஊசியைத் தூய்மை செய்துவிடாது. பிறரன்புப் பணியாளருக்கு முதலில் வேண்டுவது தொழிலறிவு, அத்தோடு நெஞ்சின் பயிற்சி என்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2005-இல் தம் முதல் சுற்றுமடலில் உணர்த்தியது இதைத்தான். ஆகவே கொடுக்க வேண்டாம் என்பதன்று நம் முடிவு. கேட்டதைக் கொடுக்க வேண்டும்; அதுவும் போதிய அளவு கொடுக்க வேண்டும்.

சாவடிப் பொறுப்பாளரும் இரண்டு தெனாரியமும்

இதற்கு வழி உண்டா? உண்டு, ஆப்பிரிக்கத் திருச்சபைகளே அதைக் கண்டுள்ளன. உகாண்டாவில் 1979-இல் கத்தோலிக்க மருத்துவப் பணியகமும் சீர்திருத்தச் சபைகளின் மருத்துவப் பணியகமும் சேர்ந்து கூட்டு மருந்துக் கிடங்கு ஒன்றை நிறுவின. கென்யாவில் 1986-இல் கத்தோலிக்க ஆயர்களும் பிற கிறிஸ்தவச் சபைகளும் இணைந்து நைரோபியில் இத்தகையதொரு நிறுவனத்தைத் தொடங்கினர். தேவையான மருந்துகளை மொத்தமாக வாங்கி, தரத்தைச் சோதித்து, காட்டோரச் சிறு மருந்தகங்களுக்கும் கட்டுப்படியாகும் விலையில் அனுப்புவது இவற்றின் பணி. தொலைவிலிருந்து உதவ விரும்புவோர் மூட்டை கட்ட வேண்டியதில்லை. பணத்தை அனுப்பினால் போதும். எதை வாங்குவது என்று மருந்தகத்தார் முடிவு செய்வர். இரு சபைகளும் ஆற்றின் இரு கரைகளில் நின்று போட்டியிட்ட சுவைட்சரின் காலத்தை நினைத்தால், இந்த ஒத்துழைப்பே ஓர் அருங்கொடை.

நல்ல சமாரியர் இதைத்தான் செய்தார் என்று நமக்குத் தோன்றுகிறது. தம் கையிலிருந்த எண்ணெயையும் திராட்சை மதுவையும் முதலுதவியாக வார்த்தார், காயங்களைக் கட்டினார். மறுநாள் தம் எண்ணெய்ப் புட்டியைச் சாவடியில் விட்டுச் செல்லவில்லை. சாவடிப் பொறுப்பாளரிடம் இரண்டு தெனாரியத்தைக் கொடுத்தார். கூடுதலாகச் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்று வாக்களித்தார். அருகில் இருப்பவருக்கே தேவை தெரியும் என்ற நம்பிக்கை அச்செயலில் உண்டு. திரும்பி வருவேன் என்ற உறவும் உண்டு. மூத்தவர், இளையவர் என்ற பேச்சே அங்கில்லை. சுவைட்சர் இலாசரின் உவமையோடு, லூக்கா நற்செய்தியில் சில அதிகாரங்களே முந்திய இவ்வுவமையையும் சேர்த்துத் தியானித்திருந்தால், அவருடைய நூல் வேறுவிதமாக முடிந்திருக்கும் என்பது நம் எண்ணம்.

இறுதியாக ஒன்று. லாம்பரேனேயின் மருத்துவமனை அவரோடு முடிந்துவிடவில்லை. அதன் வளாகத்திலே 1981-இல் தொடங்கிய ஆய்வகம் மலேரியா ஆய்வில் பெயர் பெற்றது. குழந்தைகளுக்கான மலேரியாத் தடுப்பூசியின் பெரிய அளவிலான சோதனை, ஆப்பிரிக்காவின் பதினோர் இடங்களில் 2009 முதல் 2014 வரை நடந்தது. லாம்பரேனே அவற்றுள் ஒன்று. அவ்வூசியைப் பயன்படுத்த உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது. கோழிக்கூட்டின் முன் வரிசையில் நின்றவர்களின் வழித்தோன்றல்கள், தம் குழந்தைகளின் கையை நீட்டி, கண்டமெங்கும் உள்ள குழந்தைகளுக்கு ஒரு கொடையை அளித்திருக்கிறார்கள். வாசலில் கிடந்தவர் என்று நாம் கருதியவரே இன்று பந்தியில் பரிமாறுகிறார்.

ஆகவே சுவைட்சரின் நூலை வாசகர்கள் தேடிப் படிக்க வேண்டும் என்றே பரிந்துரைக்கிறோம். குறைகளோடும் நிலைத்து நிற்கும் நூல் அது. நம் மனச்சான்றை உறுத்தும் ஆற்றல் அதற்கு இன்றும் குறையவில்லை. ஆனால் படிக்கும்போது, வெயில் விழுந்த அந்தக் குடிசையில் பெயரில்லாத நோயாளி எழுப்பிய வினாவில் சற்றே நின்று செல்லுங்கள். எங்கள் நோயை அவர்கள் எப்படி அறிந்தார்கள்? வரும் தவக்காலத்தில் நம் ஆலய வாயிலில் மீண்டும் பெட்டி வைக்க இருக்கிறோம். அதற்கு முன் அருட்சகோதரிக்குக் கடிதம் எழுதிவிட்டோம். அவர் என்ன கேட்கிறார் என்று தெரிந்த பின்பே மறையுரை.